ஆறு மில்லிமீட்டர்

கொழிஞ்சாம்பாறை கோழிக்கடைக்காரர்களுக்கு நான் 'பில்லு கேக்கற அக்கா'. கால் கிலோ கறி வாங்கிவிட்டு பில் கேட்டால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? எனக்கோ அது சாம்பிள்; கறியிலுள்ள கிருமி ஆன்டிபயாடிக் மருந்துக்குக் கட்டுப்படுகிறதா என்று பார்ப்பது என் வேலை. கடை, தேதி, நேரம் எல்லாம் பதிவாக வேண்டும். அப்புறம் ஐஸ்பெட்டியோடு ஆய்வகத்துக்கு ஓட வேண்டும். சூப்பர் மார்க்கெட்டில் இந்தக் கூத்து கிடையாது, பில் தானாக வந்துவிடும்.

பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாவில் இருப்பதால் ஊர் கேரளம், பேச்சு பெரும்பாலும் தமிழ். கோழி லோடு பல்லடம், பொள்ளாச்சிப் பக்கமிருந்து கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி வரும்.

25 கிராம் கறியை கிருமி வளரத் தோதான 225 மில்லி பெப்டோன் சத்துநீரில் போட்டு, 37 டிகிரியில் ஓர் இரவு வைப்போம். மறுநாள் அந்த நீரில் துளியை மெக்கான்கி என்ற கிருமி வளர்ப்பு பிளேட்டில் இழுத்தால், குடல் பாக்டீரியாவான ஈ.கோலை ரோஜா நிறத்தில் வளர்ந்திருக்கும். அதைப் பிரித்தெடுத்து முல்லர் ஹின்டன் என்ற இன்னொரு வகை பிளேட்டில் தடவி, மேலே மருந்து ஏற்றிய சின்னக் காகித டிஸ்க்குகளை வைப்போம். மருந்து வேலை செய்தால் டிஸ்க்கைச் சுற்றித் தெளிவான வட்டம் விழும். டெட்ராசைக்ளினுக்கு வட்டம் 15 மி.மீ. இருந்தால் கிருமி கட்டுப்படுகிறது, 11-க்குள் என்றால் இல்லை. வட்டமே விழாவிட்டால் பூஜ்யம் எழுத மாட்டோம், 6 என்று எழுதுவோம். டிஸ்க்கின் அகலம் அது. நோட்டில் 6, 6, 6 என்று வரிசையாக எழுதும் நாளில் மதியச் சோறு இறங்காது.

சேர்ந்த புதிதில் ஒரு வாரம் எல்லா வட்டமும் பெரிதாக வந்தது. ஊர்க் கிருமியெல்லாம் திருந்திவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். சீனியர் அக்கா ஒன்றே ஒன்று கேட்டார்: "கன்ட்ரோல் பாத்தியாம்மா?" பார்த்தால், சோதனை சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் 25922 என்ற கன்ட்ரோல் ஈ.கோலையின் சிப்ரோ (சிப்ரோஃப்ளாக்சசின் மருந்து) வட்டமும் உச்ச வரம்பான 38-ஐத் தாண்டியிருந்தது. மாதக்கடைசி என்று மீடியாவை, அதாவது பிளேட்டில் ஊற்றும் அகார் கூழை, மிச்சம் பிடித்து மெல்லிசாக ஊற்றியிருந்தேன். 4 மி.மீ. ஆழம் வேண்டும். குறைந்தால் மருந்து அகலமாகப் பரவி, கெட்டதையும் நல்லதாகக் காட்டும். ஒரு வார பிளேட்டும் கிருமியை அவித்துக் கொல்லும் ஆட்டோகிளேவுக்குப் போனது. 6 வந்தால் வருத்தம், பெரிய வட்டம் வந்தால் சந்தேகம் என்று அன்றைக்குப் பழகிக்கொண்டேன்.

"கறியில மருந்து இருக்குங்களா?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அது வேறு சோதனை. கோழிக்குக் கொடுக்கும் மருந்தை நிறுத்திச் சில நாள் போனால் கறியில் அதன் மிச்சம் குறைந்துவிடும், மருந்துக்குப் பழகிய கிருமி அப்படிப் போவதில்லை. ஆஸ்பத்திரியில் கடைசிக் கட்டத்துக்கு வைத்திருக்கும் கோலிஸ்டினைக் கோழிக்குக் கொடுக்க 2019-இல்தான் தடை வந்தது. அதை டிஸ்க் வைத்துச் சோதிக்கவும் முடியாது. மூலக்கூறு பெரிது, அகாரில் சரியாகப் பரவாது.

நன்றாக வெந்தால் கிருமி செத்துவிடும், சரி. ஆனால் கறி வெட்டிய அதே அரிவாள்மணையில் வெள்ளரிக்காய் நறுக்கினால்?

ஒருநாள் கடைக்காரர் குரலைத் தாழ்த்திக் கேட்டார், "அக்கா, நம்ம கடைக் கறி எப்படிங்க?" பிளேட்டில் எண் மட்டும்தான் இருக்கும், எந்தக் கடை என்று தெரிந்தாலும் சொல்லக் கூடாது. கத்தி, கை, கட்டை எல்லாவற்றுக்கும் அவர் வைத்திருந்த ஒரே ஈரத்துணியைக் காட்டி, "மொதல்ல இதை மாத்துங்கண்ணா" என்றேன்.

அடுத்த மாதம் போனேன். ஆணியில் புதுத் துணி, மடிப்புக் கலையாமல் தொங்கியது. பழையதால் தராசைத் துடைத்துக்கொண்டே, "கால் கிலோ, பில்லு, அப்படித்தானேக்கா?" என்றார்.