போட்டோ பிரிண்டரில் மை அடைப்பு: சித்திரை முதல் ஆவணி வரை

அக்காவின் கல்யாணப் படம் ஒன்று சாயம் போய்க் கிடந்தது. அதை ஸ்கேன் செய்து, நிறம் திருத்தி, சித்திரை வெயிலில் அச்சிட உட்கார்ந்தேன். வந்த படத்தில் அக்கா முகம் பச்சை தட்டியிருந்தது. நாசில் செக் (மை வரும் நுண்துளைகள் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று காட்டும் கோட்டு அச்சு) எடுத்துப் பார்த்தால், ஆறு நிறங்களில் இளம் மெஜந்தாவில், அதாவது வெளிர் ரோஜா மையில், பாதிக் கோடுகளைக் காணோம். அதற்கு முன் 18 நாள் பிரிண்டரைத் தொடவே இல்லை.

பதற்றத்தில் ஹெட் கிளீனிங்கை, அதாவது மை தெளிக்கும் ஹெட்டின் துளைகளைப் பிரிண்டரே மையை உறிஞ்சிச் சுத்தம் செய்யும் வேலையை, அடுத்தடுத்து நான்கு முறை ஓட்டினேன். டேங்கில் மை இறங்கியதுதான் மிச்சம், கோடுகள் இன்னும் குறைந்தன. ஒவ்வொரு கிளீனிங்கிலும் உறிஞ்சும் மை, கழிவு மைப் பஞ்சுக்குப் போகிறது. அதுவும் ஒருநாள் நிரம்பும். அன்று அப்படியே நிறுத்தி, இரவு முழுக்க விட்டு, காலையில் ஒரே ஒரு முறை ஓட்டினேன். பாதிக்கு மேல் திரும்பிவிட்டது. மறுநாளும் ஒரு முறை, முழுதும் சரி. காய்ந்த மை ஊறி இளகவும், உள்ளே புகுந்த காற்றுக் குமிழ் விலகவும் நேரம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

சரி, அடைப்பு ஏன் வந்தது? என் வீட்டில் காரணம் சுவர் சுவிட்ச். அச்சு முடிந்த கையோடு சுவரில் அணைத்துவிடுவது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். பிரிண்டரின் சொந்தப் பட்டனை அழுத்தி அணைத்தால் ஹெட் ஓரத்துக்குப் போய், ரப்பர் மூடியின்மேல் ஒழுங்காக உட்காரும். அந்த மூடிதான் நுண்துளைகளில் இருக்கும் மையின் ஈரத்தைக் காக்கிறது. நடுவழியில் மின்சாரம் போனால் ஹெட் திறந்தபடி நிற்கும். மேலே ஃபேன் வேறு ஓடினால் கேட்க வேண்டாம். இப்போது பட்டனை அழுத்தி, விளக்கு முழுதும் அணைந்த பிறகுதான் சுவரில் கை வைக்கிறேன். கரண்ட் கட் ஆனால், வந்ததும் ஒருதரம் ஆன் செய்து ஹெட்டை இடத்தில் உட்காரவிடுகிறேன்.

வைகாசியில் மூடியையே பார்த்துவிடலாம் என்று தோன்றியது. ஹெட்டை மெதுவாக ஒதுக்கி, டார்ச் அடித்தேன். ரப்பர் விளிம்பு முழுக்கக் கருநீலமாய்க் கெட்டியான மை, பனைவெல்லப் பாகு காய்ந்தது போல. அதில் ஒரு தலைமுடி ஒட்டிக்கிடந்தது. அந்த ஒற்றை முடி இடைவெளி போதும், காற்று நுழைய. நார் உதிராத துணியைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் நனைத்து, அழுத்தாமல் விளிம்பைச் சுற்றித் துடைத்தேன். குழாய்த் தண்ணீர் கூடாது, உப்புப் படியும்.

வாரம் இரண்டு முறை நாசில் செக் எடுக்கிறேன். எல்லாத் துளைகளிலும் மை ஓடும், செலவு மிகக் குறைவு. முன்பு அடர்த்தியான நிறப் பட்டைகளை அடித்துவந்தேன், அதில் இளம் மெஜந்தாவும் இளம் சயானும் (வெளிர் நீல மை) வேலையே செய்வதில்லை. அவை வெளிர் நிறங்களுக்குத்தான் வரும். அதனால் ஞாயிறுதோறும் வெளிர் ரோஜாவிலிருந்து வெளிர் நீலம் வரை போகும் ஒரு சிறிய படத்தை, போட்டோ பேப்பர் அமைப்பில் அச்சிடுகிறேன்.

ஆனியில் 10 நாள் ஊருக்குப் போனேன். தூசு உறை போட்டு, பக்கத்து வீட்டுத் தம்பியிடம் சொல்லி, நடுவில் ஒருமுறை செக் எடுக்கச் சொன்னேன். திரும்பி வந்தபோது கருப்பில் ஒரே ஒரு கோடு உடைந்திருந்தது. ஒரு கிளீனிங்கில் திரும்பியது.

ஆவணி முதல் வாரம் அக்கா படத்தை மறுபடி அச்சிட்டேன். கன்னத்தில் அந்த மஞ்சள் பூசிய சிவப்பு அப்படியே வந்திருக்கிறது.