பெயர் விலாசம் தெரியாதவர்

3.3.2025, திங்கள்

விடிகாலை நாலே முக்காலுக்கு பஸ் ஸ்டாண்டிலிருந்து போன். கல் பெஞ்சில் சாய்ந்தபடியே ஒரு பெரியவர். தூங்குகிறார் என்றுதான் டீக்கடைக்காரர் நினைத்திருக்கிறார். வெள்ளைச் சட்டை, வேட்டி. பையில் 43 ரூபாய், அரைக்கட்டு பீடி. மஞ்சப்பையில் ஒரு துண்டும் இரண்டு கொய்யாவும். காயம் ஏதுமில்லை.

வி.ஏ.ஓ. வந்து புகார் எழுதிக் கொடுத்தார். எஃப்.ஐ.ஆரை நான்தான் அடித்தேன். இப்படிக் காரணம் தெரியாத சாவுக்குப் போன ஜூலையிலிருந்து புதுச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 194-வது பிரிவு. ஸ்டேஷனில் எல்லார் வாயிலும் இன்னும் பழைய சட்டத்தின் '174 கேஸ்'தான். பெயர் கேட்ட இடத்தில் 'பெயர் விலாசம் தெரியாத ஆண், சுமார் 65 வயது' என்று போட்டேன். எத்தனையோ முறை அடித்த வரிதான். இன்றைக்கு அதற்கு மேல் கை ஓடவில்லை.

4.3.2025

யாரும் வரவில்லை.

6.3.2025, வியாழன்

சட்டைக் காலருக்குள் டெய்லர் துணி ஒன்று தைத்திருக்கிறது! பொருள் பட்டியல் எழுதும்போது கண்ணில் படவே இல்லை. சிவப்பு நூல் எழுத்து, துவைத்துத் துவைத்து வெளுத்துவிட்டது. 'டெய்லர்ஸ்' தெரிகிறது. கீழே ஊர்ப் பெயரில் கடைசி மூன்று எழுத்து, 'பட்டி'.

நம் கும்பகோணம் பக்கம் பட்டி குறைவு. இங்கே குடி, மங்கலம், நல்லூர். பட்டி என்றால் மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கமாக இருக்க வேண்டும். அத்தனை தூரத்திலிருந்து இந்த மனிதர் எதற்கு வந்தார்? கோயிலுக்கா? யாரையாவது தேடியா?

பூதக்கண்ணாடி வாங்கிவந்து பார்த்தேன். பட்டிக்கு முன்னால் ஒரு புள்ளி மட்டும் நிற்கிறது, எழுத்து போய்விட்டது. உசிலம்பட்டியில் ம். கோவில்பட்டியில் ல். ஆண்டிப்பட்டி, வாடிப்பட்டியில் ப். எல்லாவற்றிலும் புள்ளி! ஒரு மணி நேரம் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லா ஸ்டேஷன்களையும் இணைக்கும் சி.சி.டி.என்.எஸ். கம்ப்யூட்டரில் காணாமல் போன ஆண்களை மாவட்டம் மாவட்டமாகப் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். போட்டோவை அந்தப் பக்கத்து ஸ்டேஷன் ரைட்டர்கள் எல்லாருக்கும் அனுப்பியாயிற்று.

7.3.2025

நாள் முழுக்க மனுக்கள். வரப்புத் தகராறு, வாடகைத் தகராறு, இரண்டுக்கும் மனு வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தேன். மத்தியானம் ஒரு டீச்சரம்மா அழுதுகொண்டே வந்தார். பார்சல் வந்திருக்கிறது என்று லிங்க் அனுப்பி அக்கவுண்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். எழுதுவதெல்லாம் அப்புறம் என்று முதலில் சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் போட வைத்தேன். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. இவர் நேற்று ராத்திரியே தெரிந்தும் வெட்கப்பட்டு வீட்டில்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறார். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, தாயே.

9.3.2025, ஞாயிறு

அப்பாவின் சட்டைகள் ஐந்திலும் காலருக்கு உள்ளே என் செல் நம்பரைத் தைத்தேன். கறுப்பு நூல், இரட்டைத் தையல்.

12.3.2025, புதன்

மாசி மகம். ராத்திரி இரண்டு மணியிலிருந்து மகாமகக் குளத்தில் பந்தோபஸ்து. எனக்கு வடகரைப் படி. 'யாரையும் படியில் நிற்க விடாதே, முங்கினதும் நடக்க விடு', ஒவ்வொரு வருஷமும் ரோல் காலில் இதையேதான் சொல்வார்கள். 1992 மகாமக நெரிசலை இந்த ஊர் போலீஸ் மறக்காது.

காணாமல் போன பிள்ளைகள் நாலு பேர் என்னிடம் வந்தார்கள். நாலு பேருமே பெயர் சொன்னார்கள், ஊர் சொன்னார்கள். ஒரு வாண்டு தாத்தா பெயர் வரைக்கும் சொன்னான். மைக்கில் சொன்ன பத்தே நிமிஷத்தில் அவன் அம்மா ஓடிவந்தாள்.

கால் வீங்கியிருக்கிறது.

14.3.2025, வெள்ளி

கைரேகைப் பிரிவிலிருந்து பதில் வந்தது, பொருந்தவில்லை. குற்றவாளிகளின் ரேகைதானே அங்கே இருக்கும். இவர் ஆயுசில் ஒரு கேஸில்கூடச் சிக்காதவர். அதனாலேயே எங்களுக்குக் கிடைக்கமாட்டேன் என்கிறார்.

மார்ச்சுவரியில் ஃப்ரீசர் வேண்டுமாம், அடக்கம் செய்துவிடச் சொல்கிறார்கள். டி.என்.ஏ.வுக்கு எடுத்துவைத்தாயிற்று. இன்ஸ்பெக்டர் ஐயாவிடம் மூன்று நாள் கேட்டேன். "ஏம்மா, இதுக்கு மேல என்ன பண்ணப் போற?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. ஆனாலும் எனக்குச் சொல்லப் பதில் இல்லை. மூன்று நாள் கொடுத்தார்.

15.3.2025

ஒரு போன் வந்தது. அவர்களிடமும் 65 வயது, அவர்களிடமும் வெள்ளைச் சட்டையாம். போட்டோவைப் பார்த்த மகன் இல்லை என்றுவிட்டார். அவர் குரலில் இருந்த நிம்மதியைக் குறை சொல்ல முடியுமா?

அப்பா இன்றைக்கும் தாழ்ப்பாளைத் திறந்திருக்கிறார். பக்கத்து வீட்டு அக்காதான் தெருமுனையில் பார்த்துக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாராம்.

17.3.2025, திங்கள்

நாளைக்குப் பத்து மணிக்கு அடக்கம். நகராட்சிக் காலத்திலிருந்து குழி வெட்டுகிறவர் வருவதாகச் சொல்லிவிட்டார். ஒரு கோடி வேட்டியும் மாலையும் வாங்கிவைத்தேன். வாய்க்கரிசி யார் போடுவது என்று கேட்டார். நான் போடுகிறேன் என்றேன். பெண் போடலாமா என்று யோசித்தவர், அப்புறம் சரி என்றார்.

ராத்திரி 11.20-க்குத் தேனிப் பக்கத்து ஸ்டேஷன் ரைட்டர் கூப்பிட்டார். அங்கே ஒரு அம்மாள் வந்திருக்கிறார், அப்பாவைக் காணோம் என்று. போட்டோவைப் பார்த்து, முகம் ஒட்டிப் போயிருக்கிறது, சொல்லத் தெரியவில்லை என்றிருக்கிறார். "காலர்ல டெய்லர் பேரு இருக்கான்னு கேக்குறாங்கம்மா. அவங்கப்பா சட்டையெல்லாம் அவங்க வீட்டுக்காரர் கடையிலதான் தைப்பாராம்."

காலரை விரித்துப் பிடித்து, டார்ச் அடித்து எடுத்து, அந்த அம்மாள் நம்பருக்கே அனுப்பினேன். 11.40.

இரண்டு கோடும் நீலமாகிவிட்டது. மணி 12.15. பதில் இல்லை.