கேமராவை நம்பி வினாத்தாள் தயாரிக்காதீர்கள்

பல்கலைக்கழகத்தில் ஆன்லைன் இறுதித் தேர்வுகளைத் திட்டமிட்டு நடத்துகிற பொறுப்பில் இருக்கிறேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது, "காப்பி அடித்தால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" என்பதுதான். 2020-இல் தேர்வுக் கூடங்களை மூடிவிட்டு அவசர அவசரமாக எல்லாவற்றையும் ஆன்லைனுக்கு மாற்றியபோது ஆசிரியர்களும் அதையேதான் கேட்டார்கள். நடுவில் நெட் போய்விட்டால் அந்தப் பிள்ளை என்ன செய்யும் என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. ஆனால் தேர்வு நாளில் என் நேரம் பெரும்பாலும் போவது அந்த இரண்டாவது கேள்வியில்தான். முதல் கேள்விக்கான பதில் தேர்வு நாளில் இல்லவே இல்லை, பல வாரங்களுக்கு முன்பே வினாத்தாளில் முடிவாகிவிடுகிறது.

"வரையறு", "பட்டியலிடு" என்று கேட்கிற தாளைப் புத்தகமும் போனும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற அறைக்கு அனுப்பிவிட்டு, அப்புறம் கேமராவை வைத்து அதைக் காப்பாற்றப் பார்ப்பது வீண் வேலை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு "விளக்குக" என்பதற்கும் அதே கதிதான். எங்களுக்குப் பலன் தந்தவை வேறு மாதிரிக் கேள்விகள். பாடங்களையும் தேர்வுகளையும் ஆன்லைனில் நடத்த உதவும் மூடுல் மென்பொருளில் கணக்கீட்டு வினா என்று ஒரு வகை இருக்கிறது, ஒரே கணக்கை ஒவ்வொருவருக்கும் வேறு வேறு எண்களோடு தரும். தவறாகப் போட்ட ஒரு தீர்வைக் கொடுத்து, எந்தப் படியில் பிசகியது, ஏன் என்று கேட்கலாம். பருவம் முழுக்க ஆய்வகத்தில் அந்த மாணவரே எடுத்த அளவீடுகளை வைத்துக் கேட்டால் இன்னும் நல்லது. இப்படி ஒரு தாள் தயாரிக்க வழக்கத்தைவிட நிறைய நேரம் பிடிக்கும், அந்த நேரத்தை ஆசிரியரின் வேலைப்பளுவில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பதில் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு.

சிலர் இதற்குக் குறுக்கு வழியாக நேரத்தைச் சுருக்குவார்கள், முந்தைய கேள்விக்குத் திரும்ப முடியாமல் பூட்டுவார்கள். நேர்மையாக, நிதானமாக யோசித்து எழுதுகிறவருக்குத்தான் அதில் அடி. பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு எழுதுகிறவருக்கு ஒன்றும் ஆகாது.

திட்டமிடலில் சின்ன விஷயங்கள்தான் கழுத்தை அறுக்கும். நள்ளிரவு 12 மணிக்குத் தேர்வு முடியும் என்று அறிவித்தால் எந்த நாளின் நள்ளிரவு என்று பாதிப் பேர் குழம்புவார்கள், 11:59 என்று போட்டால் குழப்பம் தீர்ந்தது. வேறு நாடுகளில் இருந்து எழுதுகிறவர்களுக்கு அவரவர் உள்ளூர் நேரத்தையும் சேர்த்து எழுத வேண்டும். கையால் எழுதிப் படமெடுத்து ஏற்றும் தேர்வென்றால், எழுதும் நேரம் முடிந்த பிறகு ஏற்றுவதற்கு என்று தனி நேரம் தர வேண்டும். அங்கே இன்னொரு சிக்கலும் உண்டு: தேர்வு முழுக்க எந்தப் போனைத் தொடக்கூடாது என்கிறோமோ, கடைசியில் அதே போனால்தான் விடைத்தாளை ஸ்கேன் செய்ய வேண்டும். அதை எப்போது கையில் எடுக்கலாம், எப்படி ஒரே பிடிஎஃப் கோப்பாக மாற்றுவது என்பதெல்லாம் மதிப்பெண் இல்லாத ஒரு மாதிரித் தேர்வில் பழக்கிவிட வேண்டும். சுவிட்சர்லாந்தின் ஈடிஹெச் சூரிச் பல்கலைக்கழகத்தில் உருவான சேஃப் எக்ஸாம் பிரவுசர் போன்றவை மற்ற செயலிகளைப் பூட்டும், நல்லதுதான். ஆனால் மடிக்கணினிக்குப் பக்கத்தில் கிடக்கிற போனை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

தேர்வு நாளில் மாணவர்களைக் கேமரா வழியாகக் கண்காணிக்கும்போது நான் ஒரு திரைக்கு 25 பேருக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. ஜூமில் 49 பேர் வரை ஒரே திரையில் காட்டலாம், ஆனால் அது பார்ப்பதாகாது. சாட்டில் மாணவர்கள் எனக்கு மட்டும் எழுதும்படி அமைத்துவிடுவேன். ஒருமுறை பாதித் தேர்வில் ஒரு மாணவி அதில் எழுதினாள்: "மேடம், ஸ்கிரீன் வெள்ளையா இருக்கு, எழுதுனது எல்லாம் போச்சா?" மூடுல் அதன் வழக்கமான அமைப்பில் விடைகளை நிமிடத்துக்கு ஒருமுறை தானாகச் சேமிக்கும், அதனால் விடைகள் இருக்கும். ஆனால் இணைப்பு அறுந்தாலும் கடிகாரம் நிற்காது. "ஒண்ணும் போகலைம்மா, அந்தப் பக்கத்தை மூடிட்டு மறுபடி உள்ளே வா, போன நேரத்தை நான் சேர்த்துத் தர்றேன்" என்று பதில் போட்டுவிட்டு, அவள் ஒருத்திக்கு மட்டும் நேரத்தை நீட்டினேன். அதற்கான அதிகாரம் அந்த நிமிடத்தில் கண்காணிப்பாளர் கையில் இருக்க வேண்டும். மனு எழுது, குழு கூடி முடிவெடுக்கும் என்று சொன்னால் அந்தப் பிள்ளை மீதித் தேர்வை எப்படி எழுதும்?

அறையைக் கேமராவால் சுற்றிக் காட்டச் சொல்வதை நாங்கள் விட்டுவிட்டோம். அமெரிக்காவில் கிளீவ்லாந்து ஸ்டேட் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் இதை எதிர்த்து வழக்குப் போட்டார். அரசுப் பல்கலைக்கழகம் அப்படிச் சோதித்தது நியாயமற்ற சோதனைகளைத் தடுக்கும், அரசியலமைப்பின் நான்காவது திருத்தத்தை மீறுவதாகக் கூட்டாட்சி நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் சொன்னது. அந்தச் சோதனை ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. ஆனால் அவர் காட்டியது தன் படுக்கையறையை. சட்டம் ஊருக்கு ஊர் மாறலாம், படுக்கையறை எல்லோருக்கும் படுக்கையறைதான்.

கண் வேறு பக்கம் போனது, உதடு அசைந்தது என்று கண்காணிப்பு மென்பொருள் சந்தேகக் கொடி காட்டுவதையும் நான் சான்றாக எடுப்பதில்லை. கணக்குப் போடுகிறவர் கூரையைப் பார்ப்பார், சிலருக்கு முணுமுணுத்தால்தான் யோசனையே ஓடும். அதற்குப் பதிலாகத் தேர்வு முடிந்த சில நாட்களில் ஐந்து நிமிட வாய்மொழித் தேர்வு வைக்கிறோம். அவருடைய விடையையே திறந்து வைத்து, "இந்த இடத்துல ஏன் இந்த முறையை எடுத்தே? இந்த எண்ணைப் பாதியாக் குறைச்சா என்ன ஆகும்?" என்று கேட்டால் போதும், தானே எழுதியவர் பேசிக்கொண்டே போவார். பெயர்களைக் குலுக்கலில்தான் எடுக்கிறோம். சந்தேகப்பட்டவரை மட்டும் கூப்பிட்டால் கூப்பிடுவதே அவமானமாகிவிடும். பெரிய வகுப்புகளுக்கு ஆள் போதவில்லை என்பது நிஜம். கண்காணிப்பு மென்பொருளுக்கு ஒதுக்குகிற பணத்தில் ஒரு பகுதியை இதற்குத் தரும்படி துறையில் எழுதிக் கேட்டிருக்கிறேன், அடுத்த பருவத்துக்குள் பதில் வர வேண்டும்.