எங்கையிருந்து எங்கை மட்டும்?

1993இல் உயர்தரம் எடுத்தவர்களுக்கு நினைவிருக்கும். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று மூன்று வருடம். வீட்டில் ஜாம் போத்தல் விளக்கு; கல்லூரி ஆய்வுகூடத்தில் சோடியம் விளக்கு இருந்தும் எரியவில்லை. பௌதிகவியல் சேர் மதுசார விளக்கின் சுவாலையில் உப்பைத் தூவி மஞ்சள் ஒளி எடுத்தார். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் திருசியமானிக்குள் எனக்கு ஒரு கோடுதான் தெரிந்தது. "அதுக்குள்ள இரண்டு இருக்கு, 589.0, 589.6 நனோமீற்றர்" என்றார். நம்பிவிட்டோம்.

அதே கருவியில் நான் அளந்த கண்ணாடி அரியத்தின் கோணம் பிழைத்தது. சேர் கொப்பியைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, எங்கையிருந்து எங்கை மட்டும் அளந்தனீர்? மற்ற வேணியரைப் பார்த்தனீரோ?" கோண வட்டத்தின் எதிர்ப்பக்கத்தில் இருந்த இரண்டாவது நுண்ணளவுகோலை நான் பார்க்கவில்லை.

பத்து வருடம் கழித்து ஜேர்மனியில் எனக்குக் கிடைத்த வேலையும் கோடுகளோடுதான். காற்றில் பத்து இலட்சம் மூலக்கூறுகளுக்கு இரண்டுகூட இல்லாத மெதேன், 3.3 மைக்குறோமீற்றர் அருகே அகச்சிவப்பை உறிஞ்சி வரிவரியாக இருட்டாக்கும். கண்ணாடிக் குழாயில் துளி மெதேனை அடைத்து, மேலே உலர்ந்த காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவேன். அழுத்தம் ஏற ஏற மோதல்கள் கூடும். உறிஞ்சும் மூலக்கூற்றின் தாளம் அடிக்கடி அறுபடும். ஊசி போன்ற கோடு தணிந்து அகலும். உறிஞ்சல் குணகத்தின் வரைபில் கோட்டுக்குள் அடங்கும் பரப்பளவு மட்டும் மாறாது, ஏனென்றால் மெதேன் கூடவுமில்லை, குறையவுமில்லை. மாலையில் திரையில் அது படிப்படியாகச் சரிவதைப் பார்ப்பது எனக்குச் சலித்ததேயில்லை.

வெறும் அழகுக்காக இதை அளப்பதில்லை. நிலத்தில் நின்று சூரிய ஒளியைப் பிரித்தால், கோட்டின் அகன்ற இறக்கைகள் தரைக்கு அருகான கனத்த காற்றிலிருந்தும், ஒடுங்கிய நடுப்பகுதி மேலே உள்ள ஐதான காற்றிலிருந்தும் வருகின்றன. அகலம் சரியாகத் தெரிந்தால், எந்த உயரத்தில் எவ்வளவு வாயு என்று ஓரளவு பிரித்துச் சொல்லலாம்.

அகலத்துக்கு முதல் பெறுபேறு வந்தது: ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கு 0.12, அலகு சென்ரிமீற்றரின் நேர்மாறு. வாயுக்களின் கோடுகளைத் தொகுத்து வைத்திருக்கும் ஹிட்ரான் தரவுத்தொகுதியில் அந்தக் கோட்டுக்கு ஏறக்குறைய 0.06. சரியாக இரட்டிப்பு! அழுத்தமானியைச் சந்தேகித்தேன், வெப்பநிலையைச் சந்தேகித்தேன், இரண்டு கிழமை குழாயில் கசிவு தேடினேன். கடைசியில் வெட்கக்கேடு. நான் அளந்தது பாதி உயரத்தில் ஓரத்திலிருந்து ஓரம் வரை. தரவுத்தொகுதி தருவது நடுவிலிருந்து ஓரம் வரை.

அன்றிரவே ஊருக்குத் தொலைபேசி எடுத்தேன். சேர் ஓய்வு பெற்றுவிட்டார், குரல் அப்படியே இருந்தது. கதையைக் கேட்டுச் சிரித்தார். அப்புறம் கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி தம்பி, ஒரு பக்கத்தை அளந்து போட்டு இரண்டால பெருக்கினாக் காணுமோ? மற்றப் பக்கமும் அதே மாதிரித்தானோ?" என்றார்.

மெதேனில் அதே மாதிரி இல்லை. அதன் கோடுகள் நெருக்கமாகக் குவிந்து கிடப்பதால், மோதலின்போது ஒன்றின் வலிமை பக்கத்துக் கோட்டுக்குக் கசியும்; ஒரு தோள் ஏறும், மறுதோள் இறங்கும். எங்கள் அடுத்த ஒன்றரை வருடம் அந்தச் சாய்வை அளப்பதிலேயே போனது.