பாப்பா என்னைத் தேடி அழுத நாள்

குழந்தையைத் தத்தெடுக்கப் பதிவு செய்து, வீட்டு ஆய்வு முடிந்து, மூன்று வருடத்துக்கு மேல் காத்திருந்தோம். குழந்தையின் விவரம் வந்ததும் 48 மணி நேரத்துக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். நாங்கள் பத்து நிமிடம்கூட யோசிக்கவில்லை. மாவட்ட ஆட்சியரின் தத்து ஆணை வரும்வரை காத்திராமல் குழந்தையை முன்பே வீட்டுக்கு அழைத்து வரலாம் என்பதால், 14 மாதக் குழந்தையாகவே பாப்பா எங்களிடம் வந்துவிட்டாள்.

அன்று வீடு நிறையச் சொந்தக்காரர்கள். யார் கை நீட்டினாலும் போனாள், சிரித்தாள். "அழவே மாட்டேங்குதே, தங்கமான பிள்ளை" என்றார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துப் பார்த்தேன். இருட்டில் இரண்டு விரலை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடி மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தமே இல்லை. எவ்வளவு நேரமாக அப்படிக் கிடந்தாளோ! வயிற்றைப் பிசைந்தது.

சமூகப் பணியாளரிடம் சொன்னேன். ஆயாக்கள் மாறிமாறிப் பல குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், அழுதாலும் உடனே ஆள் வராதபோது குழந்தை அழுவதையே விட்டுவிடுவது உண்டு என்றார். வீட்டில் வளரும் குழந்தைகள் ஏழெட்டு மாதத்திலேயே புது முகம் பார்த்து மிரள ஆரம்பிக்கும். இவள் எல்லோரிடமும் போகிறாள் என்றால், 'என் ஆள்' என்று இவளுக்கு இன்னும் யாரும் அமையவில்லை. சோறூட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது, விழுந்தால் தூக்குவது எல்லாம் சில மாதம் நீங்கள் இருவர் மட்டுமே செய்யுங்கள் என்றார்.

இதை அத்தையிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. "என் பேத்திய நான் தூக்கக் கூடாதா?" என்று கண் கலங்கினார். பக்கத்தில் உட்கார்ந்து அந்த ராத்திரியைப் பற்றிச் சொன்னேன். மறுநாளிலிருந்து எதிரே உட்கார்ந்து பந்து உருட்டினார். பாப்பா கை தூக்கினால், "அம்மாகிட்ட போ கண்ணு" என்று என் பக்கம் திருப்பிவிடுவார். அதை நான் மறக்கவே மாட்டேன்.

அவள் அழாவிட்டாலும், புரளும் சத்தம் கேட்டாலே எழுந்து, "அம்மா இருக்கேன்" என்று தட்டிக்கொடுப்பேன். முதலில் பருப்புச் சோற்றை என் முகம் பார்க்காமல் விழுங்குவாள். கை மட்டும்தான் அவளுக்குத் தெரியும். ஒரு மாதம் போனதும், வாய் திறக்கும் முன் ஒரு தடவை என் கண்ணைப் பார்த்தாள். அப்புறம் ஒவ்வொரு வாய்க்கும் பார்த்தாள்.

மேரி எய்ன்ஸ்வொர்த் என்ற உளவியலாளரின் ஆய்வைப் பற்றி அப்போது படித்தேன். தாய் சற்று நேரம் அறையை விட்டுப் போய்த் திரும்புவார். போகும்போது குழந்தை அழுகிறதா என்பதைவிட, திரும்பி வந்ததும் தாயிடம் போய் ஆறுதல் அடைகிறதா என்பதைத்தான் அவர் முக்கியமாகக் கவனித்தார்.

பத்தாவது வாரம் இருக்கும். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே என் கணவரிடம் விளையாடிக்கொண்டிருந்தவள் வீறிட்டாள். ஈரத்துணியோடு ஓடினேன். படிக்கட்டின் அடியில் மூக்கு ஒழுக, இரண்டு கையையும் மேலே தூக்கியபடி நின்றாள். அள்ளிக்கொண்டதும் நைட்டியின் கழுத்தைப் பிடித்து இழுத்து, தோளில் முகத்தைத் தேய்த்தாள். விம்மல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. பிடியை மட்டும் விடவில்லை.

அத்தை அடுப்படி வாசலில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். "உன்னத் தேடித்தான்டி அழுகுறா" என்றார்.