வார்டிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு

மலேசியாவின் பினாங்கு பொது மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முதியவர்களுக்கு உதவும் சிறு குழுவொன்றில் நானும் இருக்கிறேன். தொண்டு என்றதும் பழமும் மைலோவும் வாங்கிச் சென்று அரை மணி நேரம் நலம் விசாரித்துவிட்டு வருவதைத்தான் பலரும் நினைக்கிறார்கள். அதுவும் வேண்டியதுதான், ஆனால் முதல் வாரத்தில் உண்மையான தலைவலி மருந்துதான்.

ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீடொன்றில் தனியாக வாழும் பாட்டி ஒருவர், மாத்திரைகளையெல்லாம் பழைய பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். மருத்துவமனை கொடுத்த மெட்ஃபார்மினும், முன்பு தனியார் கிளினிக்கில் வாங்கிய குளுக்கோஃபேஜும் அதில் ஒன்றாகக் கிடந்தன. இரண்டும் ஒரே நீரிழிவு மருந்து. பெயர் வேறாக இருந்ததாலும், உறையில் அச்சிட்டிருந்த மலாய்க் குறிப்பைப் படிக்கத் தெரியாததாலும் அவர் இரண்டையும் விழுங்கி வந்திருக்கிறார். ஓயாத வயிற்றுப்போக்குக்கு ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். "ரெண்டும் வேற வேறன்னுல்ல நெனச்சேன்மா" என்றார். எதை நிறுத்துவது என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆகவே டின்னை அப்படியே மருந்தகத்துக்கு எடுத்துச் சென்றோம். மருந்தாளர் பிரித்துக் கொடுத்தபின், காலை, இரவு என்று தமிழில் பெரிதாக எழுதி உறைகளில் ஒட்டினேன்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீட்டுக்கே சுகாதார கிளினிக்கிலிருந்து தாதியர் வந்து பார்க்கும் சேவை 2014 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அதற்கு வீட்டில் பராமரிப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். குழாய்வழி உணவு கொடுக்கவும் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கவும் யாராவது கற்றுக்கொள்ள வேண்டுமே, நிபந்தனை நியாயமானதுதான். இருந்தாலும், பிள்ளைகள் சிங்கப்பூரிலும் ஷா ஆலாமிலும் இருக்க, இங்கே தனியாகக் கிடப்பவரின் நிலைமை அந்த நிபந்தனைக்கு வெளியே நின்றுவிடுகிறது. வாரத்துக்கு இருமுறை எட்டிப் பார்க்கும் தொண்டர் அந்த இடத்தை நிரப்பிவிட முடியாது என்பதையும் குடும்பத்தாரிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம்.

குளியலறையில் வழுக்காத விரிப்பு, பிடித்து நடக்கக் கைப்பிடி போன்றவற்றை ஒரே நாளில் முடித்துவிடலாம். மறுபரிசோதனைக்கு அழைத்துப் போவதுதான் இழுபறி. அரசு மருத்துவமனையில் சிறப்பு மருத்துவரைப் பார்க்க 5 வெள்ளிதான் (ரிங்கிட்) கட்டணம். போய்வரும் கிராப் வாடகைக் கார் செலவு அதைவிடப் பல மடங்கு. அந்தத் தேதிகளும் வேலை நாள்களில்தான் வருகின்றன. ஞாயிற்றுக்கிழமை வரத் தயாராக இருப்பவர்கள் எங்களிடம் நிறையப் பேர். செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குக் காரோடு வந்து நிற்பவர்தான் கிடைப்பதில்லை.