அரசாணை என்னும் சொல்லைத் தேர்வுக்காகப் படித்தபோது கற்றவை

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த முதலாண்டில், பயிற்சித் தேர்வு ஒன்றில் உரிமையியல் வழக்கு பற்றிய ஒரு பத்தியைத் தமிழாக்கம் செய்ய நேர்ந்தது. நீதிமன்றத்தின் முறையான முடிவைக் குறிக்கும் 'டிக்ரி' (decree) என்ற சொல் வந்த இடங்களிலெல்லாம் 'அரசாணை' என்று எழுதிவைத்தேன். விடைத்தாளைத் திருத்திய ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைத்ததோடு, "இந்த வழக்கில் அரசு எங்கே வந்தது?" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அந்தக் கேள்வியைத்தான் அதன்பின் எல்லா ஆணைச் சொற்களுக்கும் உரைகல்லாக வைத்துக்கொண்டேன்: ஆணையிடுபவர் யார் என்று தெரிந்தால், சொல் தானே அமைந்துவிடும்.

அரசாணை என்பது அரசின் நிருவாகத் துறை தன் அதிகாரத்துக்கு உட்பட்டு வெளியிடும் எழுத்துவடிவ முடிவு. மாநில அரசின் நிருவாக நடவடிக்கைகள் அனைத்தும் ஆளுநர் பெயரால் வெளிப்படுத்தப்பட வேண்டும் என்று அரசியலமைப்பின் 166ஆம் உறுப்பு கூறுவதால்தான், துறைச் செயலாளர் கையொப்பமிடும் ஆணையிலும் '(ஆளுநரின் ஆணைப்படி)' என்ற தொடர் இடம்பெறுகிறது. தலைப்பில் வரும் 'நிலை' என்ற அடைப்புக்குறிச் சொல்லைப் பலர் பொருளறியாமலே மனப்பாடம் செய்கிறார்கள். கொள்கை அளவிலான, நிலைத்த மதிப்புடைய ஆணைகளுக்கே அக்குறிப்பு இடப்படுகிறது, அன்றாட அலுவல் சார்ந்த ஆணைகளுக்கு வேறு குறிப்பு உண்டு. அலுவலகங்களில் 'ஜி.ஓ.' என்று பேச்சில் வழங்கினாலும், விடைத்தாளில் அரசாணை என்றே எழுத வேண்டும்.

இச்சொல்லை என் மனத்தில் ஆழப் பதித்தது ஒரு வரலாற்றுச் செய்தி. பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று 1978ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு வெளியிட்ட அரசாணைதான், துதிக்கை வடிவிலிருந்த ணை, லை, ளை, னை ஆகிய எழுத்துகளை இன்றைய வடிவத்துக்கு மாற்றியது. அப்படியானால், 'ஆணை' என்ற சொல்லின் எழுத்தையே ஓர் ஆணை மாற்றியிருக்கிறது! தமிழ்மொழித் தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கி, அதில் குறைந்தது 40 விழுக்காடு மதிப்பெண் பெற வேண்டும் என்று வகுத்ததும் 2021 டிசம்பரில் வந்த ஓர் அரசாணையே. இப்படி நேரடியாக நம்மைத் தொடும் ஆணைகளைக் கொண்டு படித்தால், கலைச்சொல் பட்டியலை உருப்போடத் தேவையில்லை.

நீதிமன்றத்துக்கு வந்தால் சொற்கள் மாறிவிடும். நீதிபதி தம் முடிவுக்கான காரணங்களை விளக்குவது தீர்ப்புரை. தரப்பினரின் உரிமைகளை அறுதியாக வரையறுத்து முறைப்படி வெளியிடப்படும் முடிவு தீர்ப்பாணை. நான் 'அரசாணை' என்று எழுதிய இடங்களில் வந்திருக்க வேண்டியது இதுதான். சட்டமன்றம் கூடாத காலத்தில் ஆளுநர் பிறப்பிப்பது அவசரச் சட்டம். அது சட்டத்துக்கு நிகரான வலிமை உடையது என்றாலும், மன்றம் மீண்டும் கூடியதிலிருந்து 6 வாரங்கள் முடிந்தால் செயலிழக்கும். இதை அரசாணையோடு குழப்புவோர் மிகுதி.

வினைச்சொல்லிலும் கவனம் வேண்டும். சட்டம் இயற்றப்படுகிறது, அரசாணை வெளியிடப்படுகிறது, உத்தரவு பிறப்பிக்கப்படுகிறது, சுற்றறிக்கை அனுப்பப்படுகிறது. 'அரசாணை இயற்றப்பட்டது' என்று எழுதினால், பெயர்ச்சொல் சரியாக இருந்தும் பொருள் கெடும். 'என் மேல் ஆணை' என்னும்போது ஆணை சூளுரையாகிறது. 'உத்தரவு வாங்கிக்கொள்கிறேன்' என்னும்போது உத்தரவு விடைபெறும் இசைவாகிறது. பொருத்துக வகை வினாக்களில் இந்த இரட்டைப் பொருள் தடுமாற வைக்கலாம். சோழர் கல்வெட்டுகளில் அரசனின் ஆணை 'திருமுகம்' என்று வருவதையும் உடன் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே அது முகத்தைக் குறிக்காது, ஓலையில் எழுதி அனுப்பிய ஆணையைக் குறிக்கும்.

நாள்தோறும் அரசு இணையதளத்திலிருந்து ஓர் அரசாணையை எடுத்து, அதிலுள்ள சுருக்கம், பார்வை, ஆணை ஆகிய மூன்று பகுதிகளையும் வாய்விட்டுப் படித்தேன். பிறகு அதைப் பார்க்காமல் ஆணைப் பகுதியை மட்டும் என் நடையில் எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினேன். இரண்டு மாதங்களில் என் தமிழாக்கத்திலிருந்து அந்தப் பழைய பிழை முற்றிலும் நீங்கியது.